சர்க்கரை போடாத காபி

லூசியம்மாளின் கழுத்தைத் துடைத்த துண்டு நனைந்துபோக, மெர்லின் அதைப் பிழிந்து மறுபடி துடைத்தாள். நெய்வேலியில் மே மாதம் வேர்க்காத கழுத்து உண்டா? கூடத்தில் உட்கார்ந்திருந்த எல்லோருக்கும்தான் வேர்த்தது. ஆனால் அம்மாவின் வேர்வை சில்லென்று இருந்தது. அவள் விரல்கள் தாமாக நடுங்கின.

அப்பா சேவியர்ராஜ், ஞாயிற்றுக்கிழமைக் கோயில் சட்டையில் பெஞ்சின் மேல் கிடந்தார். காலமெல்லாம் மைன்ஸில் ஷிப்ட் பார்த்த மனுஷர், விடிந்ததும் அடுப்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தவர்தான். திருவதிகையில் வாழ்க்கைப்பட்ட மெர்லின் செய்தி கேட்டு பஸ் பிடித்து வருவதற்குள் மாலைகள் குவிந்துவிட்டன.

"எழுப்புடி" என்றாள் லூசியம்மாள் திடீரென்று. குரல் குழறியது. "ஷிப்டுக்குச் சங்கு ஊதிடுச்சு. ஒங்கப்பா இன்னும் தூங்கிகினு இருக்காரு."

"ஐயோ, புத்தி பேதலிச்சிப் போச்சே!" என்று அப்பாவின் அக்கா, கம்மாபுரத்து அத்தை, மார்பில் அடித்துக்கொண்டாள். ஜெபமாலை பாதியில் நின்றது. அம்மாவின் கண் மெர்லின் மேல் இருந்தது. ஆனால் மெர்லினைப் பார்க்கவில்லை. பிறகு தலை தொங்கிவிட்டது.

மெர்லின் அந்தத் தலையைத் தாங்கிப் பிடித்தாள். ஒரே நாளில் இரண்டு பேருமா?

யாரோ ஆஸ்பத்திரி வண்டிக்கு ஓடினார்கள். துக்கம் நெஞ்சை அடைக்கிறது, தண்ணீர் தெளி என்றார்கள். மெர்லின் அடுப்படிக்கு ஓடினாள்.

அடுப்பின் மேல் இட்லிக் குண்டான் ஆறிக் கிடந்தது. தட்டின் பாதிக் குழிகளில்தான் மாவு, மீதி காலி. மேடை ஓரத்தில் அம்மாவின் இன்சுலின் ஊசி, மூடி போடாமல். பக்கத்தில் ஒரு சொட்டு ரத்தத்தோடு பஞ்சு.

அப்பா ஊசியைப் போட்டுவிட்டுத்தான் இட்லி ஊற்ற வந்திருக்கிறார்.

போன பெரிய வெள்ளிக்கிழமை அவள் கண் முன்னால் வந்தது. ஊசியையும் போட்டுக்கொண்டு, அப்பாவுக்குத் தெரியாமல் ஒருசந்தி நோன்பும் இருந்த அம்மா, சிலுவைப்பாதையில் இப்படித்தான் வேர்த்து, உளறி, விழுந்தாள். அப்பா அவள் வாயில் சர்க்கரையைத் திணித்தார். "ஊசி போட்டா துன்னே ஆவணும். இல்லாட்டி சக்கர கொறஞ்சி ஆளையே தூக்கிடும்" என்று கோயில் வாசலிலேயே கத்தினார்.

"பொன்னம்மாக்கா! அம்மா காலைலேருந்து இன்னா சாப்ட்டாங்க?"

"எங்கடி சாப்ட்டா?" என்றாள் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் பொன்னம்மாள். "நான்தான் கட்டாயப்படுத்தி ரெண்டு வாட்டி காபி குடுத்தேன். பயப்படாத, சுகர் ஒடம்பாச்சேன்னு ஒரு பொட்டு சக்கர போடல."

பாவம், எவ்வளவு அக்கறை! மெர்லின் சர்க்கரை டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

டப்பாவைப் பார்த்ததும் கூடமே பதறியது. அத்தை அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "சக்கர வியாதிக்காரிக்குச் சக்கரையா? ஒங்கப்பன் போன வழியிலயே இவளயும் அனுப்பப் போறியா? வண்டி வரட்டும்டி."

அந்த ஒரு கணம் மெர்லினுக்குக் கை ஓடவில்லை. நான் நினைப்பது தப்பாக இருந்தால்? அப்பாவின் காலடியிலேயே அம்மாவையும் கொன்றவள் ஆகிவிடுவேனே. கேட்டுக்கொள்ள ஒரே ஒரு ஆள்தான். அவர் மூக்கில் பஞ்சோடு கிடந்தார்.

"வுடுங்க அத்தை. அப்பா இதத்தான் செய்வாரு."

அம்மாவை ஒருக்களித்துப் படுக்கவைத்து, விரலை நனைத்துச் சர்க்கரையைத் தொட்டுக் கன்னத்தின் உள்பக்கம் தேய்த்தாள். மறுபடி தொட்டாள். மறுபடி தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்க அவளுக்கே அழுகை வந்தது. அம்மாவின் தொண்டை அசையவேயில்லை. பிறகு ஒரு முறை அசைந்தது.

"முழுங்கு லூசி, முழுங்கு" என்றாள் அத்தை. மணிக்கட்டைப் பிடித்த கை இப்போது டப்பாவைப் பிடித்துக்கொண்டிருந்தது.

வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்டபோது லூசியம்மாள் கண்ணைத் திறந்தாள். மகளை அடையாளம் தெரிந்தது. "எப்ப வந்தே?" என்று கேட்டாள். கேட்டுக்கொண்டே பெஞ்சின் பக்கம் திரும்பினாள். அதையும் அடையாளம் தெரிந்தது. அப்போது அவள் போட்ட சத்தத்தைக் கேட்டு, எழுப்பியிருக்க வேண்டாமோ என்று மெர்லினுக்குத் தோன்றியது.

ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றி, சாயங்கால அடக்கத்துக்கு அனுப்பிவைத்தார்கள். டாக்டர் ஊசியின் அளவைக் குறைத்தார். நிறுத்த மட்டும் கூடாது என்றார்.

மறுநாள் காலை மெர்லின் குண்டானைத் தேய்த்து அடுப்பில் ஏற்றினாள். ஊசியில் மருந்தை இழுத்தபோது அவள் கை நடுங்கியது. லூசியம்மாள் அதைப் பார்த்தாள்.

"அவரும் மொத நாளு இப்டித்தான் நடுங்கினாரு" என்றாள்.

ரவிக்கைக் கையைத் தானே சுருட்டிவிட்டுக்கொண்டு, எப்போதும்போல முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். மெர்லின் ஊசியைப் போடாமல் கீழே வைத்துவிட்டுப் போய், வெந்த இட்லியைத் தட்டில் எடுத்துவந்து அம்மாவின் மடியில் வைத்தாள். அதன் பிறகே ஊசியை எடுத்தாள்.