நனையாத கை

என் வலது கை இரட்சிக்கப்படவில்லை. இருபத்தாறு வருடங்களுக்கு முன் ஞானஸ்நானத் தொட்டியில் இறங்கியபோது, மாமனார் போட்ட வாட்சைக் கழற்றி அந்தக் கையில் வைத்திருந்தேன். பாஸ்டர் என்னை அமிழ்த்துகையில் வாட்ச் நனைந்துவிடக் கூடாதென்று கையை மேலே தூக்கிவிட்டேன். சபைப் பதிவேட்டில் என் பெயருக்கு எதிரே 'வலது கை நீங்கலாக' என்று எழுதினார்கள்.

அதனால் ஒரு குறையும் இல்லை. திருவிருந்தில் அப்பத்தை இடது கையால் வாங்குவேன். யாரும் முகம் சுளிப்பதில்லை. மளிகைக் கடையில் வலது கை தராசுத் தட்டில் விரல் வைக்கும். நான் ஸ்தோத்திரம் சொல்லியபடி பார்த்துக்கொண்டிருப்பேன்.

சென்ற மாதம் அது இரண்டு மொட்டைக் கடிதங்கள் எழுதியது. எங்கள் சபை சிஸ்டர் ரூபவதியின் மகள் ஷீபாவின் கல்யாணம் முதல் கடிதத்தில் ஆட்டம் கண்டது, இரண்டாவதில் நின்றுபோனது. அந்த மாப்பிள்ளையை முதலில் என் மகளுக்குத்தான் பேசியிருந்தோம்.

சிஸ்டர் கடைக்கு வந்து கடிதங்களைக் காட்டினார்.

"எழுத்து உங்களுதுதான அண்ணாச்சி?"

"கையோடது, சிஸ்டர்."

அவர் தலையசைத்தார். "ஞாயித்துக்கிழமை மாப்பிள்ளையோட அப்பா ஆராதனைக்கு வாராரு. அவர் முன்னால அது உண்மையச் சொல்லிட்டா எம்பிள்ளை பிழைச்சுக்கிடுவா."

பாஸ்டர் ஆசீரிடம் போனேன்.

"கைக்கு ஞானஸ்நானம் கொடுத்திரலாம், பிரதர்."

"கைக்கு மட்டும் கொடுங்க. நான் எப்பவோ எடுத்தாச்சு."

"அப்ப தபால்தலைய எச்சில் தொட்டு ஒட்டுனது யாரு நாக்கு?"

இரண்டு நாள் யோசித்தேன். என் நாக்கு நனைந்த நாக்கு. அன்று தொட்டியில் ஒரு மிடறு தண்ணீரே குடித்திருக்கிறேன். இரட்சிக்கப்பட்ட நாக்கு ஒட்டியது பாவமாக இருக்க வழியில்லை என்று தெளிந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை தொட்டிக்கு வெளியே முழங்காலிட்டேன். பாஸ்டர் கையை மட்டும் அமிழ்த்தி எடுத்தார். சிஸ்டர் ரூபவதி அதைத் துண்டால் துவட்டிவிட்டார். பிறகு சாட்சி சொல்லும் நேரம். கை சாக்பீஸை எடுத்து அறிவிப்புப் பலகையில் எழுதியது: 'எழுதியது நான். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். ஷீபாவைப் பற்றி எழுதியதெல்லாம் பொய்.'

மாப்பிள்ளையின் அப்பா கண்ணாடி போட்டு இரண்டு முறை வாசித்தார். எழுந்து, "வர்ற இருபதாம் தேதியே வச்சுக்கிடலாம்" என்றார். சபை அல்லேலூயா சொன்னது. நானும் சொன்னேன்.

பாஸ்டர் பதிவேட்டைத் திறந்து 'நீங்கலாக' என்பதை அடித்துவிட்டு 'மட்டும்' என்று எழுதினார். பிறகு கையை அழைத்துப்போய் முன்வரிசையில் உட்காரவைத்தார்.

நான் புதிதாக வருகிறவர்களுக்கான கடைசி பெஞ்சில் அமர்ந்தேன். ஓர் அட்டை தந்தார்கள். இடது கையால் பெயரையும் முகவரியையும் எழுதினேன். 'உங்களை இங்கே அழைத்து வந்தவர் யார்?' என்று கேட்டிருந்த இடத்தில் 'என் வலது கை' என்று எழுதிக் கொடுத்தேன்.