லூர்துராஜ் சொல்லாமல் வைத்திருந்தது

தம்பி லூர்துராஜின் உடலைக் குளிப்பாட்டக் குடங்களை வரிசையாக எடுத்து வைத்தார் ஆபிரகாம். “பண்ணையார் கிணத்துக்கு ரெண்டு பேரு போங்கப்பா.”

“வேணாம் மாமா,” என்றாள் சகாயமேரி. “நம்ம கிணத்துல மொண்டுகினு வரச் சொல்லுங்க.”

அழுதுகொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். பக்கத்து வீட்டுப் பாஞ்சாலி, “பாவம், புருஷன் போன அதிர்ச்சி,” என்று அவள் தலையைத் தடவினாள்.

அந்த வறண்ட கிணற்றைத் தெரியாதவர் வல்லத்தில் கிடையாது. லூர்துராஜ் வாய் அப்படி. படப்பை அரிசி மில்லில் மூட்டை தூக்கிய நேரம் போக, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தைந்தில் தொடங்கி ஒன்பது வருஷம் கடப்பாரையோடு அந்தப் பாறைக்குள் இறங்கினான். தண்ணீர் வந்தே தீரும் என்று இறங்கும் முன்பே ஊரெல்லாம் சொல்லியாயிற்று. டீக்கடைப் பரசுராமன் தினமும் கேட்பான்: “இன்னா லூர்து, தண்ணி இன்னும் எத்தினி அடி கீழ தூங்கிகினு கீது?” லூர்துராஜும் சேர்ந்து சிரிப்பான். வயிறு எரிவதெல்லாம் சகாயமேரிக்குத்தான். “வாய மூடிகினு தோண்டக் கூடாதா?” என்று சண்டை பிடிப்பாள்.

பதினேழு நாளைக்கு முன் பாறை இடுக்கில் நீர் கசிந்தது. விடிந்தபோது இடுப்பளவு நின்றது. அவன் ஓடி வந்து கத்தவில்லை. கிணற்றைப் பனையோலையால் மூடிவிட்டு வந்து அவளிடம் மட்டும் சொன்னான்.

“மாதா திருநாள் வரைக்கும் மூச்சு வுடாத மேரி. தேர் தூக்கறவனுக்கெல்லாம் நம்ம தண்ணிதான். குடிக்கட்டும், அப்புறம் சொல்றேன்.”

திருநாளுக்கு நாலு நாள் இருக்கையில், நேற்று, மில்லில் மூட்டையோடு சரிந்துவிட்டான். சொல்ல மாட்டேன் என்று அவள் வாக்குக் கொடுத்திருந்தாள். ஆனால் அவனுடைய கடைசிக் குளியலுக்கு அடுத்தவன் கிணற்றுத் தண்ணீரா? மனசு ஒப்பவில்லை.

அவள் மனசுக்காக ஆபிரகாமே குடத்தோடு போனார். தோளெல்லாம் நனையத் திரும்பி வந்தார். குடத்தை இறக்கி வைத்துவிட்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எங்கிட்ட கூட சொல்லலியே மேரி.”

“யாருகிட்டயும் சொல்லல மாமா,” என்றாள். அழுகைக்கு நடுவிலும் அவள் குரலில் பெருமை இருந்தது. அதை அவள் மறைக்கவும் இல்லை.

குளிப்பாட்டி, வேட்டி கட்டி, கையில் ஜெபமாலை சுற்றினார்கள். பெட்டி தூக்கப் பரசுராமனோடு சேர்த்து ஆறு பேர் வந்து நின்றார்கள். சகாயமேரி மீதித் தண்ணீர் இருந்த குடத்தை வாசலுக்குக் கொண்டுவந்து ஒவ்வொருவருக்கும் ஒரு டம்ளர் மொண்டு கொடுத்தாள்.

பரசுராமன் ஒரே மூச்சில் குடித்தான். பிறகு தலையைக் குனிந்தபடி டம்ளரை மறுபடியும் நீட்டினான்.