நாற்பத்தொன்று எழுபத்தொன்று ஆன கதை

அந்தக் குதிரைக் குட்டியைப் பார்த்த மாத்திரத்திலேயே ஆர்டித் ஸ்டிடமுக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. கம்ப்யூட்டர் திரையில் தொப்பியும் டையுமாக வந்து நின்று, அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தின் வரலாற்றையும் அரசியல் சட்டத்தையும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கப் போகிறதாம். சரியான விடைக்குக் கனைத்துத் தங்கக்காசு ஒன்றை எறியும். தப்பான விடைக்குக் கண்ணீர் விடும்.

இருபத்தாறு வருஷமாக அவள் அரசியல் சட்டத்தையே ஜெராக்ஸ் எடுத்து, ஓரத்தில் பின் அடித்துப் பிள்ளைகள் கையில் கொடுத்துவந்தவள். எல்லையில்லாத அதிகாரம் எவருக்கும் கிடையாது, எவ்வளவு பெரிய பெரும்பான்மைக்கும் கிடையாது என்கிற இரண்டாம் பிரிவை வைத்துப் பதின்மூன்று வயதுப் பிள்ளைகளை ஒரு வாரம் சண்டை போடவிடுவாள். பதவி ஏற்கிறவர்கள் எல்லாரும், பள்ளி வாரிய உறுப்பினர் உட்பட, யாரோடும் ஆயுதம் ஏந்தி ஒற்றைக்கு ஒற்றை மோதியதில்லை என்று இன்றைக்கும் சத்தியம் செய்யவேண்டும் என்று சொன்னால் கடைசி பெஞ்சு கூட நிமிர்ந்து உட்காரும். இப்போது தலைமை ஆசிரியர் கிரேஸ் வந்து, இரண்டு வாரம் குதிரையை ஓட்டிப் பாருங்கள், அப்புறம் வாரியம் வாங்கிவிடும் என்றார். வாங்குவதென்று முடிவு செய்துவிட்டு அப்புறம் ஓட்டிப்பார்ப்பது அந்த மாவட்டத்துக்கு ஒன்றும் புதிதில்லை.

மூன்றாம் நாளே ஜூனி ஃபியூகேட் என்ற பெண் கை தூக்கினாள். இப்போது நடப்பில் இருக்கும் அரசியல் சட்டம் எந்த வருஷத்தது என்று குதிரை கேட்டிருக்கிறது. அவள் 1891 என்று தட்டியிருக்கிறாள். குதிரை தாரை தாரையாக அழுதுவிட்டு 1792 என்று காட்டியது.

"டீச்சர், இது புளுகுது. 1792 மொதல் சட்டம். அதுக்கப்புறம் மூணு வந்திருச்சே."

"நீ சொல்றதுதான் சரி" என்றாள் ஆர்டித். "அது அழட்டும், விடு."

குதிரையை விற்கும் கம்பெனிக்கு ஆர்டித் கடிதம் எழுதினாள். உங்கள் கருத்துக்கு நன்றி என்று ஒரு சிரிக்கும் பொம்மையோடு பதில் வந்தது. அடியில் விற்பனைப் பிரதிநிதியின் பெயர்: டேனர் நேப்பியர்.

அந்தப் பெயரை அவள் இரண்டு தரம் படித்தாள். டேனர் அவளிடம் படித்தவன். பள்ளி வாரியத் தலைவரும் டயர் கடைக்காரருமான பர்ல் நேப்பியரின் மகன். பதினாலு வருஷத்துக்கு முன்னால் அரசியல் சட்டப் பரீட்சையில் நூற்றுக்கு நாற்பத்தொன்று வாங்கினான். தேறாவிட்டால் ஃபுட்பால் ஆட முடியாது. ஒரு நாள் பள்ளி விட்ட பிறகு பர்ல் வந்து, ஒரு பிள்ளையின் மேசை மேல் உட்கார்ந்து, மழையைப் பற்றிப் பேசினார். மகனைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார். எழுந்து போகும்போது, "டெல்மர் பஸ்ஸெல்லாம் நல்லா ஓட்டுறானா?" என்று கேட்டுவிட்டுப் போனார். டெல்மர் அவள் புருஷன், வாரியத்தின் பஸ் டிரைவர். அன்று சாயங்காலம் ஆர்டித் நாலை ஏழாக்கினாள். நாலின் மேலேயே பேனாவை அழுத்தி இழுத்தாள்.

வாரியக் கூட்டம் பள்ளி நூலகத்தில் ஆறு மணிக்கு நடந்தது. மகன் விற்கிற சரக்குக்கு அப்பா ஓட்டுப் போடக்கூடாது என்று பர்ல் பெரிய மனிதத்தனமாக எழுந்து, துணைத்தலைவரிடம் கூட்டத்தை ஒப்படைத்துவிட்டு, முன்வரிசை நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார். மற்ற நாலு பேரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் தலை ஆட்டிய இடத்தில் தாங்களும் ஆட்டினார்கள்.

டேனர் நல்ல கோட்டு போட்டிருந்தான். குதிரையை இரண்டு தரம் கனைக்கவைத்தான். கடைசியில் கையை அவள் பக்கம் நீட்டி, "நம்ம மாநிலத்தோட சட்டத்துமேல எனக்கு ஆசை வந்ததே எங்க டீச்சராலதான். இதோ உக்காந்திருக்காங்க" என்றான். எல்லாரும் கைதட்டினார்கள்.

பொதுமக்கள் பேச ஆளுக்கு மூன்று நிமிஷம். ஆர்டித் எழுந்தாள். முதலில் குதிரை காட்டிய 1792 தப்பு என்று சொன்னாள். யார் முகத்திலும் சலனமில்லை. அந்த வருஷத்தோடு அவர்களுக்கு என்ன பகை? பிறகு சொன்னாள்:

"இந்தப் பையனுக்கு நான் ஒண்ணும் சொல்லிக் குடுக்கல. நாப்பத்தொண்ணு வாங்கினான். எழுபத்தொண்ணுன்னு மாத்தினது நான். அவங்கப்பா கேட்டாரு, செஞ்சேன். அன்னிக்கு ஃபெயில் போட்டிருந்தா திரும்ப உக்காந்து படிச்சிருப்பான். இன்னிக்கு நம்ம புள்ளைங்களுக்குத் தப்பு வருஷத்தை விக்க வந்திருக்க மாட்டான்."

டேனர் அப்பாவைத் திரும்பிப் பார்த்தான். அவனுக்கு அது தெரியாது என்பது அந்த முகத்திலேயே தெரிந்தது. "நான் பாஸ்னுதான் நெனச்சிட்டிருந்தேன்" என்றான், யாரிடம் என்றில்லாமல். அந்த ஒரு கணம் அவன் மேல் அவளுக்கு இரக்கம் வந்தது. வந்த வேகத்தில் போயும்விட்டது.

முன்வரிசையில் உட்கார்ந்தபடியே பர்ல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஆர்டித், உனக்குக் குடுத்த மூணு நிமிஷம் ஆயிருச்சு."

ஓட்டெடுப்பில் மூன்றுக்கு ஒன்று என்று குதிரை ஜெயித்தது. எதிர்த்துக் கை தூக்கியது அழகுநிலையம் நடத்தும் ஓப்பல் கேஹார்ட் ஒருத்திதான்.

வீட்டில் டெல்மர் பீன்ஸும் சோள ரொட்டியும் எடுத்து வைத்திருந்தான். முதுகு வலியால் பஸ்ஸை விட்டு மூன்று வருஷமாகிறது. பர்ல் அன்றைக்குக் கேட்ட கேள்வியை அவள் அவனிடம் சொன்னதே இல்லை. இப்போது சொன்னாள். உனக்காகத்தான் செய்தேன் என்று முடித்தாள். நன்றியோ ஆறுதலோ வரும் என்று எதிர்பார்த்தாளோ என்னவோ.

டெல்மர் ரொட்டியைப் பிட்டபடி யோசித்தான். "பஸ் வேலை போயிருந்தா நிலக்கரி லாரி ஓட்டியிருப்பேன். சம்பளமும் கூடத்தான் கெடைச்சிருக்கும். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

ஆர்டித் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். வாரியத்தை, பர்லை, கோட்டு போட்ட அந்தப் பையனை எல்லாம் பதினாலு வருஷமாக எந்தக் கண்ணால் பார்த்து வந்தாளோ, அதே கண்ணால் தன்னைத் தானே பார்த்துக்கொண்டு சாப்பிட்டு முடித்தாள்.

அடுத்த வாரம் மதிப்பெண்ணைத் திருத்திய குற்றத்துக்காகக் கண்டனக் கடிதம் வந்தது. திருத்தச் சொன்னவருக்குக் கடிதம் எதுவும் போகவில்லை. கிரேஸ் தரையைப் பார்த்தபடி, எதிர்த்து முறையீடு செய்யலாம் என்றார். ஆர்டித் கடிதத்தை ஒரு தரம் படித்தாள். "இதுல பொய் ஒண்ணும் இல்லையே" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

ஆகஸ்டில் பள்ளி திறந்தபோது எட்டாம் வகுப்பை எடுத்துவிட்டு அவளுக்கு ஆறாம் வகுப்புப் பூகோளம் கொடுத்தார்கள். பழைய அரசியல் சட்ட ஜெராக்ஸ் கட்டுகளை ஜூனி வந்து கேட்டாள். எல்லாவற்றையும் கொடுத்து அனுப்பினாள்.