அடைக்கக் கூடாத ஊற்று

முடிகொண்டான் ஆறு கரையின் விளிம்பைத் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. மழை சற்று ஓய்ந்திருந்தாலும் மேலே அணையில் திறந்துவிட்ட தண்ணீர் வருவது நிற்கவில்லை. ஊராட்சித் தலைவர் செந்தாமரை சேற்றில் வழுக்கி வழுக்கி வந்து சேர்ந்தபோது, ஆட்கள் கரைக்குக் கீழே வயல் பக்கம் கூடி நின்றார்கள். கரையின் அடியில் பானை வாய் அகலத்துக்குத் தண்ணீர் கொப்பளித்தது. அதோடு மணலும் கக்கிக்கொண்டு வந்தது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. கரைக்கு அடியில் ஆறு குடைகிறது. மண் போகப் போகக் கரை அப்படியே உட்கார்ந்துவிடும். உடைத்துக்கொண்டால் முதலில் மூழ்குவது பள்ளத்தில் இருக்கும் அவள் தெரு. சம்பா வயல்கள் அதற்குப் பிறகுதான்.

"வைக்கோலையும் களிமண்ணையும் போட்டு மிதிங்கடா!" என்று கத்தினார் துரைராசு. ஊரில் நிறைய நிலம் உள்ளவர். கரை விஷயத்தில் அவர் சொல்லுக்கு மறுபேச்சு கிடையாது.

"ஐயா, அடைக்காதீங்க!" என்றாள் செந்தாமரை.

"அடைக்காம வேடிக்கை பாக்கச் சொல்றியா?"

"தஞ்சாவூர் பயிற்சியில காமிச்சாங்க. வாய அடைச்சா வேற எடத்துல பொத்துக்கும். சுத்தி மூட்டை அடுக்கி…"

"ஏசி ரூம்ல ஆறு ஓடுச்சா?" என்றான் ஒருவன். சிலர் சிரித்தார்கள்.

அங்கே ஓடியது ஆறு இல்லைதான். கண்ணாடித் தொட்டியில் மணலைக் கொட்டி ஒரு பொறியாளர் செய்து காட்டினார். ஊருக்குத் திரும்பியதும் கிராமசபையில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். எல்லோரும் தலையாட்டிவிட்டு டீ குடித்துவிட்டுப் போனார்கள். இப்போது ஒருவருக்கும் நினைவில்லை. தொட்டியில் நடந்தது இங்கே நடக்குமா என்று அவளுக்கே உறுதியில்லை.

வைக்கோலை அமுக்கி மிதித்தார்கள். ஊற்று நின்றது. துரைராசு அவளைத் திரும்பிப் பார்த்தார். அவர் வாயைத் திறப்பதற்குள், பக்கத்திலேயே வரப்பைப் பிளந்துகொண்டு இன்னொரு ஊற்று பீறிட்டது. முன்னதைவிடப் பெரியது. கரையிலிருந்து ஒரு துண்டு சரிந்து விழ, இரண்டு பேர் ஓட ஆரம்பித்தார்கள்.

அப்போதே சொன்னேனே என்று நாக்கு நுனிவரை வந்தது. செந்தாமரை அதை விழுங்கினாள். இவ்வளவு நேரம் பாடம் நடத்திக்கொண்டிருந்தோம். ஆளுக்கொரு வேலையைக் கொடுத்தோமா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள்.

"பகலவா, பள்ளிக்கூடத்துல இருக்கற மணல் மூட்டைய டிராக்டர்ல ஏத்திக்கிட்டு வா! ஈஸ்வரிக்கா, பள்ளத்தெரு ஆளுங்கள மண்டபத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போயிடுங்க. எங்க அம்மாவையும்." பிறகு துரைராசுவிடம் போனாள். "ஐயா, இந்தக் கரைய என்னைவிட உங்களுக்குத் தெரியும். ஊத்தச் சுத்திக் கெணறு மாதிரி அடுக்குவோம். உள்ள தண்ணி ஏற ஏற வேகம் அடங்கும். வர்ற தண்ணி கலங்கலா, தெளிவான்னு நீங்க பாத்துச் சொல்லணும். தெளிஞ்சா மண்ணு போகலைன்னு அர்த்தம்."

அவர் அவளை ஒரு கணம் முறைத்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார்.

டிராக்டர் வந்ததும் மூட்டைகள் கைமாறி வந்தன. வட்டம் முழங்கால் உயரம் எழுந்தது.

"கலங்கல்!"

இடுப்பு உயரம் வந்தது.

"கலங்கல்தான்!"

டிராக்டரில் வந்த முதல் நடை மூட்டை தீர்ந்துகொண்டு வந்தது. "மூடித் தொலைச்சிடலாம்" என்று யாரோ முனகினார்கள். செந்தாமரை எஞ்சிய மூட்டைகளை எண்ணினாள். நாம் நினைத்தது தப்பாக இருந்தால்? "இன்னும் ஒரு வரிசை" என்றாள். முனகிக்கொண்டே அடுக்கினார்கள்.

துரைராசு இரு கையாலும் தண்ணீரை அள்ளிப் பார்த்தார். கொட்டினார். மறுபடியும் அள்ளினார்.

"தெளியுது…" என்றார் மெல்ல. அப்புறம் உரக்க, "மண்ணு இல்ல! தெளிஞ்சிடுச்சு!"

யாருக்கும் ஆரவாரம் செய்யத் தெம்பில்லை. அதற்குள் கிழக்கேயிருந்து ஃபாஜிலின் குரல் கேட்டது. காவலுக்கு நின்றவன். "இங்கயும் ஊத்து வருது!"

செந்தாமரை திரும்புவதற்குள் துரைராசு ஓடிக்கொண்டிருந்தார். "யாரும் மேல மிதிக்காதீங்கடா! சுத்தி அடுக்குங்க!" பாதி வழியில் நின்று, "எவ்வளவு தள்ளி அடுக்கணும், தலைவரே?" என்று கேட்டார்.

"சேறு எளகின எடத்த விட்டுத் தள்ளி, ஐயா!"

சாயங்காலம் ஆறு ஒரு சாண் இறங்கியது. பள்ள வயல்களில் மழைத் தண்ணீர் தேங்கிச் சம்பா மூழ்கித்தான் போனது. கிழக்கு ஊற்றும் தெளிந்தது, கரை நின்றது. மண்டபத்திலிருந்து பள்ளத்தெருக்காரர்கள் பாயும் பாத்திரமுமாக வீடு திரும்பினார்கள். செந்தாமரை மட்டும் துரைராசுவோடு கரைமேலேயே உட்கார்ந்திருந்தாள். இருவர் கண்ணும் மூட்டை வட்டத்துத் தண்ணீர் மறுபடி கலங்குகிறதா என்பதிலேயே இருந்தது.