மீன்காரியின் தம்பி

ஆய்வுக்கூடத்து மெஷின்காரர் அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தார். மீன் அறைக்குப் போகிற வழியில் அவள் நின்றது ஒரு அட்டைப்பெட்டிக்காகத்தான். அவர் காலடியில் கிடந்தவற்றில் ஒன்று உறுதியாக இருந்தது. மீன் தீனி டப்பாக்களை அடுக்கி வைக்க ஆகுமே என்று கேட்டாள்.

"தாராளமா எடுத்துக்கோங்க மீன்காரி. மெஷினுக்குப் போடற பழைய மருந்துக் கிட் வந்த பெட்டி அது. தேதி முடிஞ்சு போச்சு, தூக்கிப் போடப்போறேன்," என்றார் அவர். "கடைசியா அந்தக் கிட்டுல ஓட்டினது உங்க நல்ல மீனுங்களத்தான். அதுக்கப்புறம் வந்ததெல்லாம் புதுக் கிட்."

"நல்ல மீனுங்களா?"

"கண்ணு கெடுக்காத மீனுங்க. அவசரம் அவசரம்னு குதிச்சீங்களே, மறந்துபோச்சா? கண்ணு போன மீனு, கோழி, எலி எல்லாம் ரெண்டு மாசம் கழிச்சு ஒண்ணாதானே வந்துச்சு."

சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு அடுத்த தட்டைத் துடைக்கப் போய்விட்டார். தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரியாது. அவளோ பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, எங்கே போகக் கிளம்பினோம் என்பதே மறந்து, அங்கேயே நின்றாள்.

அந்த ஆய்வுக்கூடத்தில் யாருக்கும் சொந்தப் பெயர் மிஞ்சியதில்லை. மீன் வளர்ப்பதால் அவள் மீன்காரி. எலிக்கூண்டுகளுக்குப் பொறுப்பானவன் எலிக்காரன். முட்டைகளோடு மல்லுக்கட்டுகிற பெண்ணை, பாவம், வெறுமனே கோழி என்றே கூப்பிட்டார்கள். இந்த மூன்று உயிர்களின் கண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் அவர்கள் பிழைப்பு. கண்ணுக்குள் இருக்கும் விழித்திரையைக் கடும் வெளிச்சம் காட்டிக் கெடுத்துவிட்டால், மீன் சில வாரங்களில் புதிதாக ஒன்றைக் கட்டிக்கொள்ளும். கோழிக்குஞ்சு வேலையைத் தொடங்கிவிட்டுப் பாதியில் கையை விரித்துவிடும். எலி எழுந்திருக்கவே எழுந்திருக்காது. மனிதன் இந்த விஷயத்தில் எலியின் கட்சி.

இத்தனைக்கும் கட்டுவதற்கு வேண்டிய மரபணுக்கள் பெரும்பாலும் எல்லாரிடமும் இருக்கின்றன. இருப்பது வேறு, வாயைத் திறப்பது வேறு. ஒரு மரபணு வாயைத் திறந்தால் செல்லுக்குள் ஆர்.என்.ஏ. இழைகள் புறப்படும்; அதிகம் பேசினால் அதிக இழை. அவற்றையெல்லாம் வாரியெடுத்து, கிட்டில் உள்ள மருந்துகளால் பக்குவப்படுத்தி மெஷினில் கொடுத்தால், அது ஒவ்வொன்றாகப் படித்து எது எவ்வளவு என்று சொல்லிவிடும். நல்ல கண்ணில் பேசாமல் இருந்து, கெட்ட கண்ணில் பேசத் தொடங்கியது எது? மீனில் பேசி எலியில் ஊமையாக இருப்பது எது? அது தெரிந்துவிட்டால் பூட்டு எங்கே தொங்குகிறது என்று தெரிந்துவிடும்.

தெரிந்துவிட்டது என்றுதான் அவள் நினைத்திருந்தாள். ஆய்விதழுக்குப் போகவிருந்த வரைபடத்தில் ஒரு மரபணுக் கூட்டம் மீனில் மட்டும் திமுதிமுவென்று எழுந்து நின்றது. கோழியில் இல்லை, எலியில் இல்லை. உலகத்தில் வேறு யாரும் சொல்லாத கூட்டம். அதைப் பார்த்த பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, "இதுக்காகத்தான் இத்தனை வருஷம் மீன் தண்ணி நாத்தத்தைப் பொறுத்துக்கிட்டேன்," என்றார். அவர் பாராட்டுவது அப்படித்தான் இருக்கும்.

இப்போது அந்தக் கூட்டம் எங்கிருந்து வந்தது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. நல்ல மீன்களை ஒரு தராசிலும் கண் போன மீன்களை வேறொரு தராசிலும் நிறுத்துவிட்டு, கண் போனதால்தான் எடை ஏறியது என்று கூத்தாடியிருக்கிறாள். எலியில் இரண்டு வகையும் ஒரே தராசில் ஏறின. அதனால்தான் அங்கே எல்லாம் அமைதி. கிட் மாறினால் சில மரபணுக்களை மெஷின் கூட்டிப் படிக்கும், சிலவற்றைக் குறைத்துப் படிக்கும் என்பது இந்தத் தொழிலில் முதல் வாரத்துப் பாடம். எலிக்காரனுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான்.

ஒழுங்காகச் செய்திருந்தால் எல்லாவற்றையும் குளிர்பெட்டியில் வைத்திருந்து, கலந்து, ஒன்றாக ஓட்டியிருக்க வேண்டும். ஆனால் நல்ல மீன்களுக்குக் காத்திருக்க வேண்டியதில்லையே! எலிகளும் குஞ்சுகளும் தயாராகும்வரை கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள். அவசரத்தில் அண்டாவிலும் கை நுழையாது என்பார்கள். அவளுடைய அவசரம் அவளுடைய தம்பி.

தம்பி எலெக்ட்ரீஷியன். முதலில் இருட்டில் தடுமாறினான். மாலைக்கண் என்று ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். பிறகு பக்கவாட்டில் இருப்பதெல்லாம் மறையத் தொடங்கியது. "குழாய் வழியா பாக்கற மாதிரி இருக்குக்கா," என்றான். கண் மருத்துவர் உள்ளதை உள்ளபடி சொன்னார்: பரம்பரை நோய், விழித்திரை ஓரத்திலிருந்து தேய்ந்துகொண்டே வரும், குழாய் ஒருநாள் மூடிக்கொள்ளும், மருந்து இல்லை. கொஞ்சம் பார்வை இருக்கும்போதே தடி பிடித்து நடக்கவும், விரலால் படிக்கவும் கற்றுக்கொண்டால் பிறகு கஷ்டம் குறையும் என்று ஒரு பயிற்சி நிலையத்துக்குச் சொல்லிவிட்டார். இடமும் கிடைத்தது. ஏணியில் ஏறுவதை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தவன், அதற்கு மட்டும் நாள் கடத்தினான்.

அவன் மனைவிதான் வந்து கெஞ்சினாள். "அண்ணி, நான் சொன்னா எரிஞ்சு விழறாரு. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. தடியைத் தொட்டா குருடன்னு ஒத்துக்கிட்ட மாதிரின்னு நினைக்கறாரு."

அந்தப் படம் கணினியில் எழுந்து நின்ற வாரம் அது. அவள் ஒரு வார்த்தை சொல்லப் போனவள்தான். தம்பி சட்டைப் பொத்தானைத் தடவித் தடவிப் போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தாள். சொல்ல வந்தது மாறிப்போனது. "எதுக்கும் கொஞ்சம் பொறுடா. எங்க வேலையில ஒண்ணு கிடைச்சிருக்கு," என்றாள். உடனே வராது, வருஷக்கணக்காகும் என்றும் சொன்னாள். அதெல்லாம் அவன் காதில் ஏறவில்லை. பயிற்சி நிலையத்துக்கு அவனே போன் போட்டு, இடம் வேண்டாம், வேறு யாருக்காவது கொடுங்கள் என்றான். தெருவில் பார்த்தவர்களிடமெல்லாம் எங்க அக்கா கண்டுபிடிச்சிட்டா என்றான். மண்குதிரையை நம்பி அவன் ஆற்றில் இறங்கினான். குதிரையைச் செய்து கொடுத்தவள் அவள்.

பேராசிரியரிடம் அன்றைக்கே போய்ச் சொன்னாள். கத்துவார் என்று எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நல்லவேளை. அச்சுல வந்து அசிங்கப்படறதுக்கு முன்னாடி தெரிஞ்சுது," என்றார். "மிச்ச ஆர்.என்.ஏ. இருக்கில்ல? எல்லாத்தையும் கலந்து ஒரே ரன்ல போடு. நிஜமா இருந்தா மறுபடி வரும்."

வரும் என்று அவளும் நம்பத்தான் செய்தாள். அந்த வாரங்களில் அவள் கையுறை போட்டு, மூச்சைக்கூட அடக்கி வேலை செய்தாள். ஆர்.என்.ஏ. தொட்டால் சிணுங்கி, விரல் பட்டாலே சிதைந்து போகும். நல்ல மீன், கெட்ட மீன், குஞ்சு, எலி எல்லாவற்றையும் மாற்றி மாற்றி அடுக்கி, எல்லாவற்றுக்கும் ஒரே கிட்டைப் போட்டு, குழந்தையைக் கொடுப்பதுபோல் மெஷின்காரர் கையில் கொடுத்தாள். கோயில் குளம் பக்கம் போகாதவள், மெஷின் ஓடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். "மீன்காரி, நீங்க பக்கத்துல இருந்தா மட்டும் அது வேகமாவா ஓடும்? எழுந்து போய் சாப்பிடுங்க," என்றார் அவர்.

முடிவு வந்தபோது கோழியும் எலிக்காரனும் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்கள். படம் மெல்ல விரிந்தது. அந்தக் கூட்டம் இருந்த இடம் பாய் விரித்த தரை மாதிரி கிடந்தது. மீனில் எழுந்து நின்றவை, எல்லாருக்கும் ஏற்கெனவே தெரிந்த சில மரபணுக்கள் மட்டும். அவற்றை எலியில் தட்டி எழுப்பிப் பார்க்காத ஆய்வுக்கூடம் கிடையாது. நாலு செல் எழுந்து உட்காரும், அவ்வளவுதான். எலிக்காரன் அவள் தோளைத் தொடப் போய், பிறகு கையை எடுத்துக்கொண்டான். வாராந்திரக் கூட்டத்தில் பேராசிரியர் அவளை எழுந்து நிற்கச் சொல்லி, தன் தவற்றைத் தானே கண்டுபிடித்துச் சொல்கிற நேர்மை பெரிது என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். அவளுக்கு அந்த இடத்தை விட்டு ஓடிவிடலாம் போலிருந்தது. நேர்மையை வைத்துக்கொண்டு அவள் தம்பி என்ன செய்வான்?

பயிற்சி நிலையத்துக்குப் போன் செய்தாள். இந்த வருடத்து வகுப்பு தொடங்கிவிட்டது, அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார்கள். இதை எப்படிச் சொல்வது, எங்கே வைத்துச் சொல்வது என்று அவள் மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கும்போதே, தம்பி மனைவியைக் கூட்டிக்கொண்டு ஆய்வுக்கூட வாசலில் வந்து நின்றான். அந்த மீனை ஒருதடவை பார்க்கணும் என்றானாம். மனைவி வாசல் பெஞ்சிலேயே உட்கார்ந்துகொண்டாள். அண்ணி முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது போலிருந்தது; கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

அவன் அக்காவின் தோளில் கை வைத்து நடந்து வந்தான். மீன் அறை வெதுவெதுப்பாக, ஈரமாக இருந்தது. சுவர் முழுக்கக் கண்ணாடித் தொட்டிகள், தண்ணீர் ஓடும் சத்தம்.

"இதுல கண்ணு போய்த் திரும்பி வந்தது எதுக்கா?"

"இந்த வரிசை பூரா அதுதான்."

முகத்தைக் கண்ணாடியில் ஒட்டினாற்போல் வைத்துப் பார்த்தான். தலையை இப்படியும் அப்படியும் திருப்பினான். மீன்கள் விரல் நீளம்கூட இல்லாதவை, ஓரிடத்தில் நிற்காதவை. "நிக்க மாட்டேங்குதே. குழாய்க்குள்ள வர்றதுக்குள்ள ஓடிடுது," என்று சிரித்தான். "வெறும் தண்ணிதான் தெரியுது."

இதற்குமேல் தள்ளிப்போட அவளால் முடியவில்லை.

"அது இல்லடா."

"எது?"

"நான் கிடைச்சிருக்குன்னு சொன்னேனே, அது. அப்படி ஒண்ணு இல்ல. மறுபடி ஓட்டிப் பாத்தேன். நான் அவசரப்பட்டு ரெண்டு தடவையா ஓட்டினதால வந்த தப்பு அது. என் தப்பு."

அவன் கண்ணாடியிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. மூச்சுக்காற்றில் கண்ணாடி மங்கி, தெளிந்து, மறுபடி மங்கியது.

"அப்ப மீனுக்கு மட்டும் எப்படி வருது?"

"தெரியல."

"நமக்கு ஏன் வரல?"

"தெரியலடா."

"அந்தத் தடி கிளாஸ்?"

"கேட்டேன். அடுத்த வருஷம்தான் இடமாம்."

"அடுத்த வருஷமா?" என்றான். "அப்ப தடியையே பாக்க முடியாதேக்கா."

நகைச்சுவைதான். சின்ன வயசிலிருந்தே அவன் இப்படித்தான், விழுந்தால் எழுமுன் ஒரு ஜோக் அடிப்பான். அவளுக்கு அழுகை வந்தது. சத்தம் வராமல் அழுதாள். அவனால் பார்க்க முடியாத பக்கத்தில்தான் நின்றிருந்தாள், துடைத்துக்கொள்ளக்கூட அவசியமில்லை.

அவன் வலது கை ஆள்காட்டி விரலைப் பக்கவாட்டில், தன் குழாய்க்கு வெளியே, கண்ணாடியில் வைத்தான். விரலைக் கண்டால் தீனி என்று மீன்களுக்குப் பழக்கம். தொட்டியில் இருந்தவை அத்தனையும் திரும்பி, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு, அந்த விரல் நுனிக்கு நேரே வந்து குவிந்தன.

"ஏதாவது வந்துச்சாக்கா?"

அவன் நேரே எதிரில் பார்த்துக்கொண்டு, விரலைக் கண்ணாடியோடு மெதுவாக இன்னும் வலதுபக்கம் இழுத்துக்கொண்டு போனான். பார்வை போகாத இடத்தில், அந்த விரலின் பின்னாலேயே, புதுக் கண்களைத் திருப்பிக்கொண்டு மீன்கள் போய்க்கொண்டிருந்தன.