பத்துக்கு நாலேகால்

குடும்பத்தின் பெயர் கெடாமல் பார்த்துக்கொள்வது வீட்டின் மூத்த மகனின் பொறுப்பு. வீட்டுக்குள்கூடச் சட்டையின் கழுத்துப் பொத்தானை அவிழ்க்காத மனிதர் இந்த மூத்தவர். ஆகவே, அப்பாவுக்கு வந்திருப்பது புராஸ்டேட் புற்றுநோய், அது எலும்பு வரைக்கும் பரவிவிட்டது என்று டாக்டரம்மா சொன்ன அன்றே, உறவினர்களுக்கெல்லாம் "இடுப்புப் பிடிப்பு" என்று அறிவித்துவிட்டார். வியாதி வந்த இடம் அப்படி. நாலு பேர் முன்னால் எப்படி வாய்விட்டுச் சொல்வது?

பொய்க்குக் கால் இல்லை என்பார்கள். இந்தப் பொய்க்குக் கை முளைத்து, கைநிறையத் தைலப் புட்டிகளும் கொண்டுவந்தது. ஒரே மாதத்தில் பதினொரு புட்டி, மூன்று இடுப்புப் பட்டை. அத்தையோ பெட்டியோடு வந்து இறங்கி, "பிடிப்புக்கு மெத்தை ஆகாது" என்று மெத்தையை உருவிவிட்டு, தன் அண்ணனான அப்பாவைப் பலகையில் படுக்கவைத்தார். உண்மையைச் சொன்னால் மெத்தை திரும்பிவிடும். மூத்தவர் பலகைமேல் இன்னொரு போர்வையை விரித்தார்.

"அண்ணே, எலும்பே நோவுது அவருக்கு. பலகையிலே போடலாமா?" என்றாள் தங்கை. அப்பாவைக் குளிப்பாட்டி, உடை மாற்றுபவள் அவள். அவர் துண்டைக் கடித்துக்கொள்வதைப் பார்த்தவளும் அவள்தான்.

"அத்தை ஊருக்குப் போகட்டும். மாத்திக்கலாம்."

"அத்தை போறதுக்குள்ளே அப்பா போயிடுவார்."

அப்பா முப்பத்தாறு வருடம் கணக்கு வாத்தியார். மாணவர்கள் வைத்த பெயர் 'கால் மார்க்கு'. டாக்டரம்மா ஒவ்வொரு முறையும், "வலியே இல்லைன்னா பூஜ்யம், தாங்கவே முடியலைன்னா பத்து. இப்ப எவ்வளவு?" என்று கேட்பார். அப்பா யோசித்து, "மூணு" என்பார். அதே பழைய மாத்திரையே தொடரும். எங்கள் வீட்டு ஆண்கள் வலிக்கு அசையமாட்டார்கள் என்று மூத்தவருக்கு உள்ளூரப் பெருமை.

அந்தச் செவ்வாய்க்கிழமை அப்பா "நாலேகால்" என்றார். அத்தை வெளியே பெஞ்சில் தைலப் புட்டியோடு காத்திருந்தார்.

"இதுவரைக்கும் போட்ட ஹார்மோன் ஊசி இனிமே வேலை செய்யாது," என்றார் டாக்டரம்மா. "கீமோ கொடுத்தா சில மாசம் கூடலாம், உடம்பு வாடும். இல்லைன்னா வலிக்கிற எலும்புக்கு ஒரே ஒரு கதிர்வீச்சு, வலிக்கு மார்ஃபின், வீட்டிலே நிம்மதி. வலி நாலேகால்தான்னா கீமோவை யோசிக்கலாம்."

"கீமோவே கொடுங்க," என்றார் மூத்தவர். "ஒண்ணையும் விட்டுவைக்கலைன்னு நாலு பேர் சொல்லணும். மார்ஃபின் வேண்டாம். எங்க பரம்பரையிலே போதை தொட்டவங்க கிடையாது."

"அந்த நாலு பேருக்கா கீமோ?" என்றாள் தங்கை. பிறகு அப்பா பக்கம் திரும்பினாள். "அப்பா, உங்க வகுப்பிலே பத்துக்கு அதிகபட்சம் எவ்வளவு போட்டிருக்கீங்க?"

"அஞ்சு. ஒரே ஒருத்தனுக்கு."

"அண்ணனுக்கு?"

"ரெண்டரை. அதுவும் கையெழுத்துக்காக."

"இந்த வலிக்கு ஏன் நாலேகால்?"

"பத்துன்னா குறையே இருக்கக் கூடாதும்மா. இது விடியற்காலையிலே கொஞ்சம் விட்டுத்தானே வருது. எப்படி முழுசாப் போடறது?"

டாக்டரம்மாவின் பேனா நின்றது. மூத்தவருக்கு அந்த ஐந்து மார்க்குக்காரனின் நினைவு வந்தது. பள்ளிக்கூடமே அவனை அதிசயமாகப் பார்த்தது. இந்த வலி அவனைவிட முக்கால் மார்க்குதான் குறைவு.

"டாக்டர்," என்றார். "எங்கப்பா நாலேகால்னா அது பத்தைத் தாண்டிடுச்சு. மார்ஃபினே எழுதுங்க."

"ஐயா, உங்களுக்கு எது வேணும்?" என்று டாக்டரம்மா அப்பாவிடம் கேட்டார்.

"இத்தனை நாளிலே இப்பத்தான் எனக்கு என்ன வேணும்னு கேக்கறீங்க. வலி போகட்டும். வீட்டுக்குப் போகணும். மெத்தை வேணும்."

கதவைத் திறந்தால் அத்தை. "இடுப்புப் பிடிப்புக்கு இவ்வளவு நேரமா?"

"பிடிப்பு இல்லே அத்தை," என்றார் மூத்தவர், நடையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கும்படி. "புற்றுநோய். புராஸ்டேட்டிலே."

அத்தை புட்டியைப் பைக்குள் போட்டார். மெதுவாகச் சொன்னார்: "உங்க மாமாவுக்கும் அதேதான்டா. நாங்க மூட்டுவலின்னு சொல்லிட்டோம்."

மாமாவுக்கு இரண்டு முழங்கால் உறை வாங்கி அனுப்பியது மூத்தவருக்கு நினைவு வந்தது. நல்ல விலை உயர்ந்த உறை.

அன்றே மெத்தை திரும்பியது. தூக்கிப் போட்டவர் அத்தை. நான்காம் நாள் அப்பா பகலில் அயர்ந்து தூங்கி எழுந்தார். மூத்தவர் நோட்டும் பேனாவுமாக அருகில் உட்கார்ந்தார்.

"வலி எவ்வளவுப்பா?"

"ஒண்ணு."

"மாத்திரைக்கு எத்தனை மார்க்குப் போடலாம்?"

அப்பா கண்ணை மூடி யோசித்தார்.

"நாலேமுக்கால். மலச்சிக்கல் பண்ணுது, அதுக்குக் கால் குறைச்சாச்சு."