காணாமல் போன துண்டு

சட்டைக் கம்பெனியில் விடியற்காலைச் சங்கு ஊதி ஓய்வதற்குள், காலர் தைக்கும் காலர்க்காரியின் மிஷின் கடகடக்க ஆரம்பித்துவிட்டது. பஞ்சுத்தூசி மூக்கை அடைத்தது. அடிவயிற்றில் சுருக்கென்று குத்தியதும் எழுந்தாள்.

"மறுபடியுமா? பாத்ரூம்லயே குடித்தனம் பண்ணப் போறியா?" என்று சிரித்தான் சூப்பர்வைசர்.

அவனுக்கென்ன, சிரிக்கலாம்! மாதக்கணக்காக ரத்தமாகப் போகிறது என்று அவனிடம் சொல்லவா முடியும்?

பிள்ளை பெற்று வேலைக்குத் திரும்பியதும் கம்பெனி ஆஸ்பத்திரியில்தான் கருத்தடைக்குக் காப்பர் டி போட்டார்கள். பிறகு வலி என்று போனபோது நர்ஸ் சோதித்துவிட்டு, "காப்பர் டி நூல் தட்டுப்படலையே, தானா விழுந்திருக்கும்" என்றாள். "விழுந்திருந்தா எனக்குத் தெரியாதாக்கா?" என்று இவள் கேட்டது காதில் ஏறவேயில்லை. இன்னொன்றைப் போட்டு அனுப்பிவிட்டாள்.

நேற்று பெரியாஸ்பத்திரி எக்ஸ்ரேயில் இரண்டும் தெரிந்தன. விழுந்ததாகச் சொன்னது கர்ப்பப்பையைத் துளைத்துக்கொண்டு மூத்திரப்பைக்குள் போய் உட்கார்ந்திருந்தது. அதன்மேல் கல் வேறு கட்டியிருந்தது. ஆபரேஷனைத் தள்ளிப்போட்டால் கிட்னிக்கே ஆபத்து என்றார் டாக்டர்.

பாத்ரூமிலிருந்து நேராக மேனேஜர் அறைக்குப் போய் இதைத்தான் சொன்னாள்.

"ஆபரேஷன்னா வேலையை விட்டுட்டுப் போம்மா. லீவெல்லாம் கிடையாது."

"போட்டது உங்க ஆஸ்பத்திரி சார்."

"போட்டுக்கிட்டது நீதானே?"

திரும்பி வந்து உட்கார்ந்தவளிடம் பக்கத்து மிஷின் பட்டன்காரி, "என்னடி, மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு?" என்று கேட்டாள். காலர்க்காரி எல்லாவற்றையும் கொட்டினாள்.

"அடிப்பாவி! எனக்கும் நூல் காணோம்னுதானே அந்த நர்ஸ் சொன்னா!"

பட்டன்காரி துணியை வெடுக்கென்று இழுத்தாள். டக்கென்று ஊசி உடைந்தது.

ஊசி உடைந்தால் லைன் மொத்தமும் நிற்க வேண்டும். கடைசித் துணுக்கு கிடைக்கும்வரை யாரும் பெடலை மிதிக்கக் கூடாது. சட்டை போடுகிறவர்களுக்குக் குத்திவிடுமாம். சூப்பர்வைசர் காந்தத்தோடு ஓடிவந்து, மேசைக்கடியில் தவழ்ந்து, ஒருவழியாகத் துண்டுகளைப் பொறுக்கிச் சேர்த்தான்.

"கிடைச்சிருச்சு. ஓட்டுங்க, ஓட்டுங்க!"

காலர்க்காரி மிதிக்கவில்லை.

"இன்னொரு துண்டு இருக்கு சார்."

"எங்கே?"

அடிவயிற்றில் கை வைத்தாள். "இங்க. சட்டைக்குள்ள கெடந்தா லைனை நிறுத்துறீங்க. எங்க உடம்புக்குள்ள கெடந்தா மட்டும் ஓட்டணுமா?"

பட்டன்காரி மிஷினை அணைத்தாள். "என்னோடதும் எங்க இருக்குன்னு தெரியல. பாத்துச் சொல்லுங்க, அப்புறம் ஓட்டறேன்."

பின்வரிசையில் ஒரு மிஷின் நின்றது. அப்புறம் இன்னொன்று. அயர்ன் மேசை ஆண்கள்கூடப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்கள். சத்தம் கேட்காமல் போனதும் மேனேஜர் படியிறங்கி வந்தார்.

"யாரு முதல்ல நிறுத்தினது?"

"ஊசி சார்," என்றாள் பட்டன்காரி. யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"அத்தனை பேரையும் வீட்டுக்கு அனுப்பிடுவேன்!"

"இவளை ஆபரேஷனுக்கு அனுப்புங்க, கம்பெனி செலவுல, சம்பளத்தோட லீவு குடுத்து. எங்க எல்லாரையும் ஸ்கேனுக்கு அனுப்புங்க. அப்புறம் பேசலாம்," என்றாள் பின்வரிசைக்காரி ஒருத்தி.

மேனேஜர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். போலீசுக்கோ, முதலாளிக்கோ, யார் கண்டது?

காலர்க்காரிக்கு மறுபடி குத்தியது. யாரையும் கேட்காமல் எழுந்தாள். பட்டன்காரி அவள் தோளைத் தாங்கிக்கொண்டு கூடவே நடந்தாள். சூப்பர்வைசர் வழிவிட்டு ஒதுங்கி நின்றான். அவர்கள் திரும்பி வரும்வரை ஒருத்தரும் பெடலில் கால் வைக்கவில்லை.